நுனி கட்டாத கயிறு

பரமசிவன் சாரத்திலிருந்து விழுந்த அன்று குற்றாலத்தில் நல்ல வெயில்.

அதற்கு முந்திய வாரம் முழுக்கச் சாரல். ஐந்தருவிச் சாலையில் திருநெல்வேலி வக்கீல் ஒருவருக்குக் கட்டிக்கொண்டிருந்த பங்களாவில் வேலை நின்று கிடந்தது. சீசனுக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டிய கட்டடம். சீசன் வந்தும் முடியவில்லை. வெயில் தலைகாட்டியதும் கண்ட்ராக்டர் ஒலி முகம்மது வேலைக்காரர்களின் ஊருக்கு ஆள் அனுப்பினார். அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். ஒரு வாரம் சும்மா கிடந்த வீடுகளில் அடுப்பும் சும்மாதான் கிடந்தது.

சாரம் என்றால் மூங்கில், சவுக்குக் கம்பு, தேங்காய் நார்க் கயிறு. அவ்வளவுதான். சாரலில் நனைந்த கயிறு ஊதி இறுகும். வெயிலில் காய்ந்தால் தளரும். மழையெல்லாம் தாங்கி நிற்கிற சாரம் முதல் வெயிலில்தான் ஆளைத் தள்ளும். அந்தப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிற எல்லாருக்கும் இது தெரியும். ஏறுவதற்கு முன்னால் முடிச்சு முடிச்சாகப் பார்த்து மறுபடி இறுக்க ஒரு பகல் பிடிக்கும். வெயில் அடிக்கிற பகலை அதற்குக் கொடுக்க யாருக்கும் மனம் வராது.

பரமசிவன் கொத்தனார். அவன் மனைவி தங்கத்தாய் அதே வேலையில் சித்தாள். காரைச் சட்டியைத் தலையில் வைத்துச் சாரத்தின் கீழ்த்தட்டு வரை ஏறி, மேல்தட்டில் நிற்கிறவன் கைக்கு எட்டிக் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். அவன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

“ஏட்டி, இது காரையா கஞ்சியா? தொட்டுக்கிட என்ன கொண்டாந்தே?”

“குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லும், கொண்டாரேன்.”

அவன் சிரித்தபடி குனிந்தான். காலடியில் பலகை புரண்டது. சட்டி அவள் தோளை இடித்துக்கொண்டு கீழே போனது. அதன் பின்னால் அவன் போனான். கீழே கல் குவித்திருந்தார்கள்.

அவனுக்கு வேளை வந்துவிட்டது என்று ஊர் சொன்னது. சாவு வீட்டில் சொல்வதற்கு அதைவிட நல்ல வார்த்தை யாரிடமும் இல்லை.

காரியம் முடிந்ததும் தங்கத்தாய் திரும்ப வேலைக்கு வந்தாள். மகன் ஆவுடைநாயகம் அப்போது நடை பழகிக்கொண்டிருந்தான். அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். மேல்தட்டில் பரமசிவன் நின்ற இடத்தில் இப்போது அவள் தம்பி செல்லச்சாமி நின்றான். தாய் போனபின் அவள் இடுப்பில் வைத்து வளர்த்தவன். பூச்சு வேலையில் கெட்டிக்காரன். கம்பின்மேல் அணில் மாதிரி ஓடுவான். மேலே நின்று பாட்டுப் படிப்பான். அவள் சட்டியை எட்டிக் கொடுக்கும்போது சட்டியைப் பார்ப்பதில்லை. அவன் பாதத்தைப் பார்ப்பாள். பலகையில் அந்தப் பாதம் எவ்வளவு ஓரத்தில் இருக்கிறது என்று பார்ப்பாள்.

இந்த ஒருத்தன் மண்ணில் விழக்கூடாது. அதற்குப் பிறகு அவள் யாரிடம் என்ன கேட்டாலும் அது இந்த ஒன்றைத்தான்.

கிணற்றடியில் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஈரக் கையிலிருந்து வாளி நழுவியது. கயிறு விர்ரென்று ஓடிச் சட்டென்று நின்றது. மறுநுனியைத் தூணில் கட்டியிருந்தார்கள். வாளி தண்ணீருக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் குடத்தோடு நின்ற பாலம்மாள், “ஏட்டி, கெணத்துக்குள்ள என்ன கூத்தா நடக்கு?” என்று சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

மறுநாள் கண்ட்ராக்டரிடம் போனாள். ஒலி முகம்மது தென்காசிக்காரர். கண்டிப்பான ஆள். பரமசிவன் விழுந்த நாளுக்குப் பிறகு அவர் கட்டடத்துக்கு வந்தால் மேலே பார்ப்பதில்லை.

“முதலாளி, நல்ல கயிறு வேணும். மேல நிக்குதவன் இடுப்புல ஒரு நுனி, செங்குத்துக் கம்புல ஒரு நுனி. வழுக்குனாலும் தொங்கிக்கிட்டு கெடப்பான்.”



“கயிறு நான் வாங்கித் தாரேன் தாயி. கட்டுவானுவளா?”

“உசுரு வேணும்னா கட்டுவானுவ.”

“ஒங்க ஊர்க்காரனுவளப் பத்தி நீ எனக்குச் சொல்லுதியா?” என்றார். ஆனாலும் ஒரு கட்டுக் கயிறு வந்து இறங்கியது.

மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு எல்லாரும் நிழலில் உட்கார்ந்திருந்தபோது அவள் கயிற்றை எடுத்துக்கொண்டு போய் நடுவில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

“மாட்டுக்குல்லா அக்கா கயிறு,” என்றான் செல்லச்சாமி. எல்லாரும் சிரித்தார்கள்.

“மாடு சாரத்துல ஏறி நின்னா அதுக்கும் கட்டுவேன்.”

மாடன் என்று சாரம் கட்டுகிற கம்புகட்டி ஒருவன். பரமசிவனுக்குப் பங்காளி முறை. அவன் சிரிக்கவில்லை. “ராத்திரிக்கு அவன் கட்டிப் போடுதான். பகலுக்கு நீ கட்டிப் போடுதியா, மதினி?” என்றான். அதற்குப் பிறகு யாருமே சிரிக்கவில்லை.

அந்த ஊர் ஆண்கள் வெள்ளைக்காரன் போட்ட கைரேகைச் சட்டத்தில் இருந்தார்கள். களவு செய்தவன், செய்யாதவன் என்று கணக்கில்லை. அந்தச் சாதியில் ஆணாய்ப் பிறந்தது போதும். வயது வந்தால் விரலைப் பதிய வேண்டும். பொழுது சாய்ந்தால் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். அங்கேயே படுத்து எழுந்து விடிந்து வேலைக்கு வர வேண்டும். புதுப்பெண்டாட்டி கட்டினவனுக்கும் அதுதான். இந்தச் சட்டம் வந்த புதிதில், விரல் பதிய மாட்டோம் என்று முரண்டு பிடித்தவர்களை ஒரு சப்-இன்ஸ்பெக்டர் பிடித்தார். இடுப்பில் கயிறு போட்டு, ஒருவன் இடுப்பிலிருந்து அடுத்தவன் இடுப்புக்கு இழுத்து, வரிசையாகக் கோத்துக் கடைத்தெரு வழியாக நடத்திக் கொண்டுபோனார். கடைக்காரர்கள் எழுந்து வெளியே வந்து பார்த்தார்கள். அந்த வரிசையில் தங்கத்தாயின் தகப்பனும் இருந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் கடைத்தெருவுக்குப் போகவில்லை. உப்பு வாங்கக்கூடப் போகவில்லை. செல்லச்சாமி சின்னவனாக அந்த வரிசைக்குப் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடியிருக்கிறான்.

எல்லாரும் எழுந்து போன பிறகு அவன் அவளிடம் வந்தான்.

“அப்பாவக் கட்டுன கயிறுக்கா இது.”

“அது போலீசுக்காரன் கட்டுனதுலே. இது நான் கட்டுதது.”

“யாரு கட்டுனதுன்னு பாக்குதவனுக்குத் தெரியுமா? ரோட்டுல சீசனுக்கு வந்தவன் ஆயிரம் பேரு போறான் வாரான். அன்னா பாரு, கட்டிப்போட்டு வேல வாங்குதாங்கன்னு சொல்ல மாட்டான்?”

“சொல்லட்டும். சொன்னா நீ செத்தா போவே?”

“அதுக்கு விழுந்தே செத்துரலாம்,” என்றான் அவன்.

கயிற்றுக் கட்டு மழையில் நனைந்து கிடந்தது. பிறகு அதை எடுத்துச் சாரம் கட்டினார்கள்.

சித்திரையில் அந்த ஊர்ச் சுடலைமாடனுக்குக் கொடை விழா. கொடைக்கு முன்னால் காப்புக் கட்டுவது வழக்கம். தீச்சட்டி எடுக்கிறவனும் பந்தம் பிடிக்கிறவனும் வரிசையாக நின்று கையை நீட்டுவார்கள். சாமியாடுகிற கோமரத்தாடி மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் முடிந்துவிடுவார். கொடை முடிகிறவரை அதை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். அவிழ்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயம்.

தங்கத்தாய் கோயிலுக்கு வெளியே தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தாலி அறுத்தவள் காப்புக் கட்டும்போது பக்கத்தில் போகக்கூடாது. கயிறு என்றதும் சீறின அத்தனை பேரும் அங்கே பூனைக்குட்டி மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மாடன் நின்றான். செல்லச்சாமியும் நின்றான்.

கோமரத்தாடி சங்கரபாண்டி பரமசிவனுக்குத் தாய்மாமன். மறுநாள் அவர் வயலுக்குப் போகிற வழியில் அவள் மறித்தாள்.

“மாமா, மணிக்கட்டுல கட்டுத கயித்த இடுப்புல கட்டக்கூடாதா?”

அவர் புரியாமல் பார்த்தார். அவள் எல்லாம் சொன்னாள். வாளியைச் சொன்னாள். கண்ட்ராக்டர் வாங்கிப்போட்ட கயிற்றைச் சொன்னாள்.

“அது சாமி சொல்லணும் தாயி. நான் யாரு சொல்லுததுக்கு?”

“கேளுங்க மாமா. எம் பக்கம் நின்னு கேளுங்க.”

அவர் வயலைப் பார்த்தார். பரமசிவனைத் தோளில் தூக்கி வைத்துக் கொடை பார்க்கக் கூட்டிப்போனவர் அவர்தான். வரப்பில் இறங்கி நடந்தார்.

கொடையன்று மத்தியானப் பூஜையில் மேளம் உச்சத்துக்குப் போனபோது சங்கரபாண்டிக்கு அருள் வந்தது. வேட்டைக்கம்பை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றார்.

“ஒசரத்துல ஏறிப் பொழைக்குத பிள்ளைக யாருலே? எனக்கு ஒரு பிள்ள கொறையுது! ஒசரத்துல ஏறுதவன் எல்லாம் என் கயித்தக் கட்டணும். இடுப்புல ஒரு நுனி. ஏறி நிக்குத கம்புல ஒரு நுனி. கட்டுவியா, கட்ட மாட்டியா?”

“கட்டுதோம் சாமி, கட்டுதோம்,” என்று கட்டட வேலைக்காரர்கள் அத்தனை பேரும் மண்ணில் விழுந்தார்கள்.

தங்கத்தாய் கூட்டத்துக்கு வெளியே நின்று சேலையை வாயில் பொத்திக்கொண்டாள். கட்டப்போகிறார்கள். அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த வருஷம் ஒலி முகம்மது பழைய குற்றாலம் போகிற பாதையில் ஒரு சத்திரம் கட்ட எடுத்திருந்தார். மாடிச் சத்திரம், உயரமான சுவர். கட்டைவிரல் பருமன் கயிறு, மஞ்சளில் முக்கிக் காயவைத்தது, ஆளுக்கு ஒன்று. சங்கரபாண்டி தன் கையால் இடுப்பில் கட்டிவிட்டார். மேலே ஏறினதும் மறுநுனியைச் செங்குத்துக் கம்பில் அவரவர் முடிந்துகொண்டார்கள். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் என்ன? “சாமி காப்பு” என்று செல்லச்சாமி மேலே இருந்தே கத்திச் சொல்வான். ஒரு போலீஸ்காரர்கூட நின்று பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

சட்டியை எட்டிக் கொடுக்கும்போது தங்கத்தாய் இப்போது அவன் பாதத்தைப் பார்க்கவில்லை. கம்பில் இருக்கிற முடிச்சைப் பார்த்தாள். கட்டியிருந்தால் அவளுக்குச் சட்டி கனக்காது.

ஆனியில் மாடன் வழுக்கினான். பாசி படிந்த பலகை. ஒரு சத்தம் வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது அவன் பலகைக்குக் கீழே ஆள் உயரத்தில் கையும் காலும் பரப்பிக்கொண்டு தொங்கினான். கயிறு தாங்கியது. கம்பு தாங்கியது. தூக்கி மேலே போட்டார்கள். விலா எலும்பில் வலி, வேறு ஒன்றும் இல்லை.

அன்று வேலையை நிறுத்திவிட்டு ஊரோடு கோயிலுக்குப் போனார்கள். தேங்காய் உடைத்தார்கள். கிடா வெட்டினார்கள். மாடன் கோயில் மண்ணில் உருண்டான். “என்னைய ஒரு கை வந்து பிடிச்சதுவே,” என்று பார்க்கிறவனிடமெல்லாம் சொன்னான். “இங்கன, இடுப்புல. சூடா ஒரு கை.”

கம்பில் போட்டிருந்த முடிச்சைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதிலிருந்துதான் எல்லாம் கெட்டது. அதுவரை அது காப்புக் கயிறு. அன்றிலிருந்து அது சாமியின் கை. சாமியின் கையைக் கொண்டுபோய்ச் சாரக் கம்பில் கட்டலாமா? அந்தக் கம்பில் ஏறுகிறவன் கால் வைக்கிறான். சித்தாள் பெண்கள் தூரமான நாளிலும் அதைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள். போதாததற்கு, சாரத்து மூங்கிலில் பாதி, யார் யாருக்கோ பாடை கட்டி மிஞ்சியது என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. மாடன்தான் முதலில் நுனியைக் கம்பிலிருந்து அவிழ்த்து இடுப்பில் சுருட்டிச் செருகினான். தொங்கிப் பிழைத்தவனே அவிழ்த்தான். மற்றவர்கள் அவனைப் பார்த்துச் செருகினார்கள். கோமரத்தாடியிடம் போய்க் கேட்டார்கள். தீட்டுப்பட்ட கம்பில் கட்டவேண்டாம் என்று சங்கரபாண்டி சொல்லிவிட்டார்.

தங்கத்தாய் மறுபடி அவரை வயல் வழியில் மறித்தாள்.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க மாமா? நுனி கட்டலன்னா அது கயிறா? வெறும் அரைஞாணுல்லா?”

“நான் என்ன செய்ய தாயி? அத்தன பேரும் வந்து நின்னு, தீட்டா இல்லையான்னு கேக்குதான். கால் மிதிக்குத கம்பு தீட்டு இல்லேன்னு நான் எந்த வாயால சொல்ல? கட்டச் சொன்னதும் சாமி. செருகச் சொல்லுததும் சாமி.”

“சாமி எங்க சொல்லிச்சு? நான்தான சொன்னேன்.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“அத மட்டும் வாய் தவறிக்கூட வெளிய விட்டுராத. விட்டேன்னு வையி, நுனி என்ன, இடுப்புல இருக்கதயும் அவுத்து எறிஞ்சிருவானுவ. அப்புறம் ஒனக்கு ஒண்ணும் இருக்காது.”

அவர் சொன்னது சரிதான். அவள் அன்று முழுக்க யோசித்தாள். சொன்னால் கயிறு போகும். சொல்லாவிட்டால் கயிறு இருக்கும், நுனி இருக்காது. நுனி இல்லாத கயிறும் இல்லாத கயிறும் ஒன்றுதான். இல்லை, ஒன்றில்லை. அதைவிட மோசம். முன்னெல்லாம் ஓரத்துக்குப் போனால் ஒரு கை கம்பைப் பிடித்திருக்கும். இப்போது இரண்டு கையும் வேலையில் இருந்தன. செல்லச்சாமி சுவர்த் தலையில் கை வீசி நடந்தான்.

“ஏட்டி, ஒந் தம்பி நடக்குத நடையப் பாரு, மாப்பிள்ள அழைப்பு மாதிரி,” என்றாள் பாலம்மாள்.

தங்கத்தாய்க்குச் சட்டி மறுபடியும் கனத்தது.

ஒருநாள் அவனிடம் மட்டும் சொல்லிப் பார்த்தாள். கஞ்சிக் கலயத்தை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

“ஏலே, அது சாமி சொன்னது இல்ல. நான்தான் மாமாகிட்ட சொல்லச் சொன்னேன்.”

அவன் கலயத்தை வாங்காமல் அவளைப் பார்த்தான்.

“அப்ப மாடனப் பிடிச்சது யாரு? நீயா?”

“கம்புல கெடந்த முடிச்சுலே.”

“முடிச்சு எத்தன தடவ அவுந்திருக்கு? அத்தானுக்கு அவுந்துச்சுல்லா. அன்னிக்கு மட்டும் ஏன் அவுறல? சொல்லு பாப்போம்.”

அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. அன்று ஏறினதும் கட்டின புது முடிச்சு, ஈரம் காயாதது. அதைச் சொன்னாள். அவன் கேட்கவில்லை.

“அக்கா, புருசன் போன துக்கத்துல நீ என்னத்தையாவது பேசுத. எங்கிட்ட பேசுனது இருக்கட்டும். வேற ஆள்கிட்ட பேசிறாத. அடிச்சே கொன்னுருவானுவ,” என்றான். பிறகு கலயத்தை வாங்கிக் குடித்தான். அவள் மேல் கோபப்படக்கூட இல்லை.

ஒரு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும் சாமிக்குச் சாட்சியாகச் சேர்ந்தது.

அடுத்த ஆடியில் சாரல் விட்டு வெயில் வந்தது. மாடியில் கைப்பிடிச் சுவருக்கு வெளிப்பூச்சு. தங்கத்தாய் கீழ்த்தட்டில் நின்றாள். செல்லச்சாமி பலகையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தான். பலகை அந்தப் பக்கம் வெறும் காற்றில் நீண்டிருந்தது. அடியில் தாங்கவேண்டிய குறுக்குக் கம்பு, கட்டுத் தளர்ந்து ஒரு சாண் உள்ளே நழுவியிருந்தது. நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. மிதித்தான். பலகை நெம்புகோல் மாதிரி எழுந்தது.

இடுப்பில் செருகியிருந்த நுனி பிய்ந்து வெளியே வந்து அவனுக்குப் பின்னாலேயே மஞ்சளாக நீண்டு வந்தது. தங்கத்தாயின் முகத்துக்கு நேரே அது ஓடியது. அவள் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். விழுகிற உடம்பை ஒரு கை நிறுத்தாது. இரண்டு கையும் நிறுத்தாது. கம்பு நிறுத்தும். கயிறு அவள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது.

கீழே இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் கண் திறந்திருந்தது. கயிறு இடுப்பில் இறுக்கமாக இருந்தது. சங்கரபாண்டி போட்ட முடிச்சு அவிழவே இல்லை.

கயிற்றில் ரத்தம் இருந்தது. அது அவள் கை ரத்தம். ஊர் அதைப் பார்த்தது. தாலி அறுத்தவள் சாமிக் கயிற்றைத் தொட்டாள், சாமி கையை விட்டுவிட்டது என்று பேச்சு எழுந்தது. அவன் விழுந்த பிறகுதான் அவள் தொட்டாள். சாரத்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆனாலும் சொல்லும்போது தொட்டதை முன்னால் வைத்து, விழுந்ததைப் பின்னால் வைத்துச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அப்படித்தான் பார்த்ததாகவே நம்பினார்கள். பாலம்மாள் மட்டும், “விழுந்த பெறவுல்லாடா பிடிச்சா, கண்ணு அவிஞ்சா போச்சு ஒங்களுக்கு?” என்று எல்லாரிடமும் சண்டைக்குப் போனாள். பிறகு அவளும் ஓய்ந்தாள்.

 தம்பி போன பிறகு தங்கத்தாய்க்கு யாரிடமும் நிரூபிக்க ஒன்றும் இல்லை. கயிறு கட்டுகிறவர்கள் வேலை செய்கிற இடத்துக்கு அவள் வரக்கூடாது என்றார்கள். ஒலி முகம்மது அவளைத் தென்காசியில் தன் சுண்ணாம்புக் காளவாயில் வேலைக்கு வைத்தார். அங்கே உயரம் இல்லை. காளவாயில் நின்று பார்த்தால் தூரத்தில் தென்காசி மொட்டைக் கோபுரம் தெரியும். யாரும் ஏறிக் கட்டாமல் கிடக்கிற கோபுரம். அவள் அதைப் பார்ப்பாள்.

மகனுக்கு ஒன்றே ஒன்று சொன்னாள். “கால் மண்ணுல இருக்குத வேல எதையாவது படி.” இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் படித்தான். பிறகு கண்ட்ராக்டர் ஸ்டேஷனில் பேசி அனுமதி வாங்கிக் கைகொடுக்க, மதராசுக்குப் போய் ஓவர்சியர் படிப்புப் படித்தான். அந்தப் படிப்பு படித்தவனும் சாரத்தில் ஏறித்தான் ஆகவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்குள் கயிறு மெலிந்துகொண்டே வந்தது. கட்டைவிரல் பருமன் சுண்டுவிரல் பருமனாயிற்று. நுனி வைத்தால் காலில் தட்டுகிறது என்று நுனியை வெட்டினார்கள். பிறகு நூல். மஞ்சள் நூலைக் கட்டிக்கொள்ளாமல் அந்தப் பக்கத்தில் யாரும் சாரம் ஏறுவதில்லை என்று ஆனது. இலஞ்சிக்காரன், கடையத்துக்காரன், சுடலைமாடனைக் கும்பிடாதவன், எல்லாருமே கட்டினார்கள். விழுந்தவனுக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது: கவிச்சி தின்றுவிட்டு ஏறினான், பிள்ளை பிறந்த தீட்டோடு ஏறினான்.

கைரேகைச் சட்டத்தை எடுத்த வருஷம் மேளம் அடித்தார்கள். ஆண்கள் ராத்திரி வீட்டில் படுத்தார்கள். மறு வருஷம் ஆவுடைநாயகம் ஓவர்சியராகக் குற்றாலத்துக்கே வந்தான். முதல் கட்டடத்திலேயே ஆளுக்கு ஒரு கயிறு வாங்கிக் கொடுத்து, எப்படிக் கட்டவேண்டும் என்று தானே ஏறிக் காட்டினான். மேலே நின்ற வயசான கம்புகட்டி ஒருவர் கயிற்றைக் கையில் வாங்கினார். அது மாடன்.

“இப்பத்தான தம்பி அவுத்து விட்டிருக்கான்,” என்றார். “நீ வேற கட்டணும்ங்குதியா?”

இளவட்டங்கள் சிரித்தார்கள். ஒருவன் பனியனைத் தூக்கிக் காட்டினான். “நாங்க கட்டித்தான் சார் இருக்கோம்.” இடுப்பில் மஞ்சள் நூல்.

அவன் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது தங்கத்தாய் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். “எந்த மடையன்மா இந்த நூலக் கண்டுபிடிச்சான்?” என்று கேட்டான். அவள் குழம்பை ஊற்றினாள். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், வாளியிலிருந்து. அவன் சாப்பிடாமல் கேட்டான். அவள் உள்ளங்கைத் தழும்பு காளவாயில் பட்டது என்றுதான் அவன் அதுவரை நினைத்திருந்தான்.

மறுநாளிலிருந்து அவள் காளவாய்க்குப் போகவில்லை. கட்டடத்துக்குப் போனாள். எதிரே ரோட்டோரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“ஏலே, நுனியக் கட்டு! நூலு இல்லலே, கயித்த எடு! நுனியக் கட்டு!”

பழைய ஆட்கள் அவளைத் தெரிந்துகொண்டு முகத்தைத் திருப்பினார்கள். புது ஆட்களுக்கு அவள் யார் என்றே தெரியாது. நுனிப் பாட்டி என்று பேர் வைத்தார்கள். அவளுக்கு அப்போது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. “பாட்டி, நுனி இங்கன இருக்கு பாரு,” என்று வேட்டி முனையைத் தூக்கிக் காட்டினான் ஒருவன். சிலர் அவள் வாய்க்குப் பயந்து கயிற்றை எடுத்துக் கட்டினார்கள். ஓவர்சியர் அம்மா என்பதும் ஒரு காரணம். அவள் கஞ்சி குடிக்க நகர்ந்தால் அவிழ்த்தார்கள். அதனால் அவள் நகராமல் இருந்தாள். சாரலிலும் நின்றாள். ஆவுடைநாயகம் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. “நான் பாக்குதவரைக்கும் கட்டியிருக்கான்லே,” என்றாள்.

அந்தச் சாரலில் பிடித்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. ஆவணி பிறப்பதற்குள் போய்விட்டாள். கடைசி இரண்டு நாளும் அவளுக்கு நினைவு இல்லை. கை மட்டும் காற்றில் எதையோ எட்டிப் பிடித்துப் பிடித்து விட்டது.

காரியம் முடித்துவிட்டு ஆவுடைநாயகம் வேலைக்குப் போன அன்று வெயில் அடித்தது. எல்லாரும் மேலே ஏறியிருந்தார்கள். கயிறுகள் கீழே ஒரு மூலையில் சுருட்டி வைத்தபடி இருந்தன. அவன் அம்மா நின்ற இடத்தில் போய் நின்றான். அண்ணாந்து பார்த்தான்.

“நுனியக் கட்டுங்கலே,” என்றான்.

 மேலே யாரோ, “சார் வந்துட்டாரு, காரையக் கொண்டா,” என்று சத்தம் போட்டான். ஒரு சித்தாள் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கீழ்த்தட்டுக்கு ஏற ஆரம்பித்தாள்.